புற்றுக்காளானா, அகழான் வளையா? மண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

புசல்லாவைப் பக்கம் இரண்டு நாள் மழை பெய்து கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் தேடக் கிளம்பிவிடுவார்கள். புதிதாகப் போகிறவர்கள் மண் கிளம்பிய இடத்தையெல்லாம் கிண்டுகிறார்கள், அதுதான் எனக்குப் பயம்.

படி 1: கை வைக்காமல் மண்ணைப் பாருங்கள். அகழான் ஒரு வகை எலி; பெருச்சாளியைவிடச் சின்னது, ஆனால் நன்றாகத் தோண்டும். உள்ளே வெட்டிய மண்ணை வெளியே தள்ளுவதால் வளை வாசலில் பொலபொலவென்று குவியல் கிடக்கும், பல நேரம் வாசலையும் மண்ணால் அடைத்திருக்கும். காளான் குடையின் கூர்முனையால் கீழிருந்து முட்டிக்கொண்டு வரும். தரை வெடித்திருக்கும், குவியல் இருக்காது.

படி 2: வளை என்றால் விலகிவிடுங்கள். எலி மூத்திரம் பட்ட ஈரமண், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். பழைய வளையில் பாம்பும் இருக்கலாம்.

படி 3: காளான் என்றால் தண்டைச் சுற்றிக் குச்சியால் மண்ணை விலக்குங்கள். தண்டு வேர் மாதிரி நீண்டு, சிலது ஒரு முழம்கூட, கறையான் கூட்டுக்குள் போய் முடியும். காய்ந்த இலை, மரத்தையெல்லாம் தின்ற கறையான் தன் எச்சத்தால் கடற்பஞ்சு மாதிரித் தட்டுக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. அகழானும் நெல்லை வளைக்குள் சேர்த்துவைக்கும்தான், ஆனால் அது வயலில் இருந்து எடுத்தது. கறையான் வீட்டுக்குள்ளேயே பயிர் செய்கிறது! பேராதனையில் வேலை செய்த பூஞ்சை ஆய்வாளர் டொம் பெட்ச் 1906இலேயே இந்தப் புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி எழுதினார்.

அதனால் தயவுசெய்து அலவாங்கு போட்டுப் புற்றை உடைக்காதீர்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் வருஷா வருஷம் வந்த இடத்தை நாங்களே ஆசையில் உடைத்தோம், அடுத்த மழைக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. தரை மட்டத்தில் திருகி எடுத்தால் போதும்.

படி 4: பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில் குடையைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்து, கோப்பையால் மூடி, ஒரு இரவு விடுங்கள். விழும் பொடி வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையாக விழுந்தால் நஞ்சு. வெள்ளைப் பொடியும் தண்டடியில் கிண்ணம் போன்ற உறையும் இருந்தால் இன்னும் மோசம், உயிரையே எடுக்கும். இளஞ்சிவப்பிலும் நஞ்சுக்காளான் உண்டு, எனவே நீள வேர், கூர்முனை, அடியில் கறையான் கூடு எல்லாமே பொருந்த வேண்டும்.

அப்புறமும் தோட்டத்தில் காளான் பழகிய பெரியம்மா யாரிடமாவது காட்டுங்கள். அவர் தயங்கினால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.