பதிப்புப் பிழை என்று சர்வர் சொன்னால் முதலில் அனுமதியைப் பாருங்கள்

காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடை. தரவுத்தளத்திலிருந்து அறிக்கைகள் தயாரித்துத் தரும் மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியிருந்தோம். மறுநாள் காலை ஆடிட்டருக்கு ஐந்தொகை எடுக்க வேண்டும். திரையில் வந்தது வேறு: ரிப்போர்ட் சர்வர் தரவுத்தளத்தின் பதிப்பு செல்லாத வடிவில் இருக்கிறது அல்லது அதைப் படிக்க முடியவில்லை; கண்ட பதிப்பு 'அன்னோன்', அதாவது தெரியவில்லை. உடனிருந்த இளைஞர், "அண்ணே, புதுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிவிடலாமா?" என்றார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அப்படிச் செய்திருந்தால் சர்வர் ஓடியிருக்கும். ஆனால் அறிக்கைகள், நேர அட்டவணைகள், பயனர் உரிமைகள் எதுவும் இல்லாத வெற்றுச் சர்வராக ஓடியிருக்கும்.

அந்தச் செய்தியில் உற்றுப் பார்க்க வேண்டியது 'அன்னோன்' என்ற சொல்லை. அங்கே ஓர் எண் இருந்தால் பதிப்பு உண்மையாகவே பொருந்தவில்லை. 'அன்னோன்' என்றால், பெரும்பாலும் பதிப்பைப் படிக்கவே சர்வருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ரிப்போர்ட் சர்வர் இயங்கும் சேவைக் கணக்கு தரவுத்தளத்துக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது. கணினியின் உள்ளூர்க் கணக்கையோ எஸ்கியூஎல் லாகினையோ (எஸ்கியூஎல் சர்வருக்குள்ளேயே உருவாக்கும் கணக்கு) பயன்படுத்தியிருந்தால் இது அடிக்கடி நேரும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் உள் அடையாள எண் மாறிவிடுவதால், புதிய கணினிக்கு அது வேறு ஆள். இது தெரியாமல் பதிப்பு எண்ணைக் கையால் திருத்த முயல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ரிப்போர்ட் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, தரவுத்தளப் பகுதியில் கணக்கை மறுபடி கொடுங்கள். தேவையான அனுமதிகளை அதுவே வழங்கிவிடும். சேவைக் கணக்கை மாற்றுவதும் இதன் வழியாகவே நடக்க வேண்டும். விண்டோஸ் சர்வீசஸ் திரையில் மாற்றினால் தரவுத்தள அனுமதியும், சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் மறைகுறியாக்கச் சாவியும் புதிய கணக்கோடு சேர்ந்து வருவதில்லை. அறிக்கை திறந்த பிறகும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 'ஆர்எஸ்எக்ஸெக்ரோல்' என்ற பங்கு, அதாவது உரிமைகளின் தொகுப்பு, எஸ்கியூஎல் சர்வரின் சொந்தத் தரவுத்தளங்களான மாஸ்டர், எம்எஸ்டிபி ஆகியவற்றிலும் இருக்க வேண்டும். அங்கே விட்டுப்போனால், நேரம் குறித்து அனுப்பும் அறிக்கைகள் போகாது.

எதற்கும் அசையாதபோது சேவைக் கணக்குக்கு எஸ்கியூஎல் சர்வர் முழுவதையும் ஆளும் 'சிஸ்அட்மின்' உரிமையைக் கொடுத்துவிடுவது பரவலான பழக்கம். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பைக் கடந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, வந்தவர்கள் எல்லாரும் சுற்றியுள்ள அறைகளுக்குள் போய்விட முடியாது. ஒவ்வொரு மகன் குடும்பத்தின் அறைக்கும் தனிப் பூட்டு. இங்கும் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வரில் முழு உரிமை இருப்பவருக்கும் அறிக்கையைப் பதிவேற்றும் உரிமை தானாக வராது. அதற்கு அந்தக் கோப்புறையில் 'பப்ளிஷர்' அல்லது 'கன்டென்ட் மேனேஜர்' பங்கு வேண்டும். 'பிரௌசர்' பங்கில் அறிக்கையைப் பார்க்கலாம்; பதிவேற்ற முடியாது. சர்வர் கணினியிலேயே அமர்ந்து பார்க்கும்போது நிர்வாகிக்கே அனுமதி மறுக்கப்பட்டால், உலாவியை 'நிர்வாகியாக இயக்கு' என்று திறந்து பாருங்கள்.

பதிப்பு உண்மையாகவே பொருந்தாமல் போவது இரண்டு இடங்களில் நேரும்: தரவுத்தளத்தில், அறிக்கையின் வரையறையில். பழைய ரிப்போர்ட் தரவுத்தளத்தைப் புதிய சர்வரோடு இணைத்தால், சேவை தொடங்கும்போது அது தானாக மேம்படும். பிறகு பின்னோக்கித் திரும்பாது. புதிய எஸ்கியூஎல் சர்வரில் எடுத்த காப்புப் பிரதியைப் பழையதில் மீட்கவும் முடியாது. ஆகவே இணைப்பதற்கு முன்பே காப்புப் பிரதி எடுத்துவிடுங்கள். அறிக்கையின் வரையறை ஏற்கப்படவில்லை என்று வந்தால் அது வேறு சங்கதி: அறிக்கையை வடிவமைக்கும் விஷுவல் ஸ்டுடியோவில் இலக்குச் சர்வரின் பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் அனுப்பினால் போதும்.

மறைகுறியாக்கச் சாவியின் நகலையும் அதன் கடவுச்சொல்லையும் பழைய கணினியை அணைப்பதற்கு முன் எடுங்கள். அது இல்லாவிட்டாலும் அறிக்கைகள் அழியாது. சேமித்த கடவுச்சொற்கள், தரவு இணைப்பு விவரங்கள் போன்ற மறைகுறியாக்கப்பட்டவற்றை நீக்கிவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கடையில் சாவியின் நகல் இருந்தது. கணக்கை மறுபடி கொடுத்து, சாவியை மீட்டு, சேவையைத் தொடங்கியதும் ஐந்தொகை வந்துவிட்டது.