தாத்தா பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பூருக்குப் போகாதீர்கள்

எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. குடும்ப வரலாறும் பேட்டை வரலாறும் எப்படித் தேடுவது என்பதுதான் பாடம். முதலில் கற்றுக்கொள்ளத்தான் போனேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். அதில் தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர், அதற்கு மேல் ஒரு கேள்விக்குறி. "எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இதைக் கொடுத்தா மேல இருக்கிற பெயரை எடுத்துக் கொடுப்பாங்களா?" என்று கேட்பார்கள்.

கொடுக்க மாட்டார்கள். காப்பகம் அரசாங்கத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம். எந்தத் துறை, எந்த வருடம், எந்த எண்ணுள்ள அரசாணை என்ற வரிசையில்தான் அங்கே எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். ஆள் பெயர் வரிசையில் அல்ல. உங்கள் தாத்தா ரெவின்யூ உத்தியோகத்தில் இருந்தார், அல்லது நிலத் தகராறில் அரசுக்கு மனு போட்டார், இன்ன தாலுகா, ஏறத்தாழ இன்ன வருடம் என்று தெரிந்து போனால் தேட வழி உண்டு. வெறும் பெயரோடு போகிறவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, "அங்க ஒண்ணுமே இல்லை" என்று திரும்பி வருவார். அனுமதி விதிமுறைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவதும் அவசியம்.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான். சென்சஸ் தாளில் தாத்தா பெயரைத் தேடு, தேவாலயப் பதிவேட்டைப் பார் என்று அவை சொல்லும். இங்கே தனிநபர் எழுதிக் கொடுத்த சென்சஸ் விவரத்தை 1948-ஆம் வருடச் சட்டப்படி யாரும் பார்க்க முடியாது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் எழும்பிய செயின்ட் மேரி தேவாலயத்தின் பழைய பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களைப் பற்றியவை. நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவை வீட்டுப் பரணில் இருக்கின்றன.

அதனால் வகுப்பில் முதலில் சொல்வது, வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து வாருங்கள் என்பதுதான். மூலப் பத்திரம் இருந்தால் நல்லது. பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. யார் யாருக்கு மகன், யார் இறந்து அவர் பங்கு யாருக்குப் போனது என்று அதில் வரிசையாக இருக்கும். ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், இவை எல்லாமே சான்றுகள்தான். பெரும்பாலோர் தூக்கிப் போட்டுவிடுவது மொய் நோட்டை. 1950-களின் மொய் நோட்டு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், தாய்மாமன் வரிசை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அந்தத் தலைமுறையின் உறவு வட்டமே அதில் தெரியும்.

காகிதம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். என் அப்பாவின் மூத்த அக்காவுக்கு எங்கள் வீட்டின் நான்கு தலைமுறையும் மனப்பாடம். 'அடுத்த பொங்கலுக்குப் போகும்போது உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்' என்று மூன்று பொங்கலைத் தள்ளினேன். நான்காவது பொங்கலுக்கு அத்தை இல்லை. அவரோடு போன பெயர்களில் இரண்டைத்தான் பிறகு பத்திரங்களிலிருந்து மீட்க முடிந்தது. வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். காப்பகமும் நூலகமும் அடுத்த மாதமும் இருக்கும். இந்த வாரம் வீட்டில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள்.

உட்கார்ந்த பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. சொன்னதை அப்படியே எழுதாமல், நாம் புரிந்துகொண்டதை எழுதுவது. "பெரியப்பா மலேயாவுக்குப் போனார்" என்று பாட்டி சொன்னால், பேரன் உடனே அதைத் தாத்தாவின் அண்ணன் என்று வரைபடத்தில் ஏற்றிவிடுவான். பாட்டி சொன்னது அவருடைய பெரியப்பாவாக இருக்கலாம், வீட்டுக்காரருடைய பெரியப்பாவாக இருக்கலாம். சொந்தப் பெரியப்பாவா, பங்காளி வகையில் பெரியப்பா முறையா என்பதும் தெரியாது. நம் மொழியில் உறவுப் பெயர் என்பது முறையைச் சொல்வது. ரத்த வழியை அல்ல. "யாருக்குப் பெரியப்பா? அவரைப் பெத்தவங்க யாரு?" என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். அப்புறம் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழியில் உறவாக வருவார். பெரும்பாலான ஆப்கள் கிளை பிரியும் மரத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. கிளைகள் திரும்பவும் சேரும் நம் வீட்டு மரத்தை அவற்றில் ஏற்றினால் குழப்பம்தான். முதலில் பெரிய தாளில் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்கள் இன்னொரு கண்ணி. தாத்தாவின் பெயரை வைப்பதால்தான் அவன் பெயரன், அதாவது பேரன். அப்படியானால் ஒரே வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் அதே பெயரும் அதே இனிஷியலும் வரும். மு. ராமசாமியின் மகன் ரா. முத்தையா, அவர் மகன் மறுபடி மு. ராமசாமி. 1905-ஆம் வருடப் பத்திரத்தில் உள்ள ராமசாமியை 1950-ல் உள்ள ராமசாமியோடு ஒன்றாக்கி, ஒரு மனிதருக்கு நூறு வயதுக்கு மேல் ஆயுள் கொடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி இருவருமே அப்பா பெயரைத் தங்கள் மகன்களுக்கு வைத்திருந்தால் இன்னும் சிக்கல். இப்படிப்பட்ட இடத்தில் பெயரை விட்டுவிட்டு மனைவி பெயர், கதவு எண், தொழில் இவற்றைப் பிடித்துக்கொண்டு ஆளைப் பிரித்துப் பாருங்கள்.

வருஷக் கணக்கு

அதிகமாகத் தவறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ் வருஷப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். ஜாதக நோட்டில் விரோதிகிருது என்று இருந்தால் அது 1911-12 ஆகவும் இருக்கலாம், 1971-72 ஆகவும் இருக்கலாம். எது என்று பக்கத்தில் இருக்கும் மற்ற விவரங்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்தது இன்னும் நுணுக்கமானது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் மார்கழிப் பாதியிலிருந்து பங்குனி வரை வருவது அடுத்த ஆங்கில வருடத்தில். பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். தாது என்றதும் 1876 என்று எழுதிவிடுகிறோம். ஒருவர் தாது வருஷம் மாசியில் இறந்தார் என்றால் அது 1877 பிப்ரவரி அல்லது மார்ச். திதியை மட்டும் நினைவு வைத்திருக்கும் வீடுகளில், அந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கம் கிடைத்தால்தான் சரியான தேதியைச் சொல்ல முடியும். கிடைக்கும் வரை மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய பத்திரங்களிலும் பேரேடுகளிலும் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்ற குறிகள் இருக்கும். எண்களும் தமிழில் இருக்கும். ௧ என்பது 'க' போலவும் ௨ என்பது 'உ' போலவும் ௮ என்பது 'அ' போலவும் தெரியும். பக்கத்தின் தலையில் இருக்கும் 'உ' பிள்ளையார் சுழி. அதே வடிவம் வரிக்குள் வந்தால் 2. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் ௰, ௱, ௲ என்று தனிக் குறிகள் உண்டு. 1876 என்பதை ௲௮௱௭௰௬ என்று எழுதுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இதெல்லாம் பழகிவிடும். பழகாமல் யூகித்துப் படித்தால் தாத்தாவின் கடன் பத்து மடங்காகிவிடும்.

வயதானவர்களிடம் வருடத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள். ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. "எம்டன் குண்டு போட்டப்போ எங்கம்மா கைக்குழந்தை" என்று ஒரு பாட்டி சொன்னால் அது பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியைவிட நம்பகமானது. அந்தக் காலத்தில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியாரே ஒரு பிறந்த தேதியைப் போட்டுக்கொண்டது சகஜம். ஆனால் சம்பவமும் வழுக்கும். "பர்மாவிலிருந்து வந்தோம்" என்பதை எல்லோரும் 1942 என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பான் படையெடுப்பின்போது காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் ஒரு கூட்டம். 1960-களில் அங்கே கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறி வந்தவர்கள் இன்னொரு கூட்டம். சென்னைக்குப் பர்மா பஜார் வந்தது அவர்களால்தான். எப்படி வந்தீர்கள், நடந்தா, கப்பலிலா என்று கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயரை நம்புவது

ஜார்ஜ் டவுன் வீட்டுக்காரர்கள் பலர் "எங்க குடும்பம் 1700-லிருந்து கறுப்பர் பட்டணத்துல, இதே தெருவுல" என்பார்கள். பழைய கறுப்பர் பட்டணம், அதாவது ஆங்கிலேயர் 'பிளாக் டவுன்' என்று சொன்ன நம் மக்களின் குடியிருப்பு, கோட்டையை ஒட்டி, இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததை அடுத்து வந்த வருடங்களில் அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் பிறகு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டன. அதுதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது. ஒரு பெயர், இரண்டு இடம்.

அதே பகுதியில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. எந்த அரண்மனை என்று ஒரு குடும்பமே தேடிக்கொண்டிருந்தது. அது ஆர்மேனியன் தெரு. அங்கே 1772-ல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. வாயில் நுழையாத பெயரை நம் மக்கள் தெரிந்த சொல்லாக்கிக்கொண்டார்கள். ஆனால் மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு உண்மையைத்தான் சொல்கிறது. மாம்பலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் தொடங்கி அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. தெருப்பெயர் சில நேரம் சாட்சி சொல்லும், சில நேரம் திசைதிருப்பும். இன்னொரு ஆவணம் பக்கத்தில் நின்று ஆமோதிக்கும் வரை எழுதிவிட வேண்டாம்.

எல்லையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று சென்னை என்று நினைக்கும் வேளச்சேரியும் அம்பத்தூரும் திருவொற்றியூரும் பழைய காகிதங்களில் செங்கல்பட்டு ஜில்லா. மாநகராட்சி எல்லையே 2011-ல்தான் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சென்னைப் பதிவுகளில் தேடிக் காணவில்லை என்றால், சைதாப்பேட்டை தாலுகா என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம், ராஜ வம்சம். இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கும் சாதி வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, அதில் உள்ள மன்னரோடு தன் தாத்தாவைச் சேர்த்துவிட ஆசைப்படுவார்கள். இத்தகைய புத்தகங்கள் நிறைய 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளிலும் வந்தவை. 1901 கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்தினார்கள். தங்கள் சாதிக்கு உயர்ந்த இடம் வேண்டும் என்று மனு கொடுத்த சங்கங்கள் பல. அந்த வாதத்துக்காக எழுதப்பட்டதை அந்தக் காலத்து மனநிலைக்குச் சான்றாகப் படிக்கலாம். வம்சாவளிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. சிந்தாதிரிப்பேட்டை 1730-களில் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவான ஊர். அங்கே தறி போட்ட ஒருவரின் பெயரும் அவர் குடியிருந்த வீடும் கிடைத்தால், எனக்கு அது எந்த ராஜாவைவிடவும் பெரிய கண்டுபிடிப்பு.

கிடைத்த காகிதத்தைத் தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே பழுத்து நொறுங்கும். செல்லோடேப்பும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, மடிக்காமல் பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஓலைச் சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவாமல் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். அச்சில் வந்தது தேவைப்பட்டால் எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது, பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

தேடியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போட்டுவிடுவதிலும் கவனம் வேண்டும். இளைய தாரம், சுவீகாரம், வீட்டை விட்டுப் போனவர், சாதி மாறிக் கட்டியவர் என்று எல்லா வீட்டிலும் உண்டு. உயிரோடு இருப்பவரைப் பற்றியதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மறைக்கச் சொன்னால் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

அந்த நோட்டில் நாங்கள் மூன்று பத்தி போடச் சொல்கிறோம். என்ன செய்தி, யார் சொன்னது அல்லது எந்தக் காகிதம், எந்தத் தேதியில். யூகமாக இருந்தால் 'என் யூகம்' என்று எழுதிவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்து நீங்களே திரும்பப் படிக்கும்போது, பாட்டி சொன்னது எது, நீங்களாகச் சேர்த்தது எது என்று வேறு எப்படித் தெரியும்?

கடைசியாக, எங்கள் வகுப்பில் சுவரில் ஒட்டும் வரைபடங்களைப் பார்த்தால் பத்தில் எட்டில் பெண்கள் பெயரே இருக்காது. இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இவர் மகன் என்று இறங்கிவிடும். பத்திரங்களும் அப்படித்தான் எழுதப்பட்டன, கல்யாணம் ஆனதும் இனிஷியலும் மாறிவிடுகிறது. அதனால் இந்த வழியைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். போன மாதம் ஒரு பெண் தன் அம்மாவிடம் போய், "உங்கம்மா பொறந்த வீடு எது? ஆயாவுக்குச் சீர் எந்த ஊர்லேருந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பொன்னேரிப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னாராம். அறுபது வருடத்தில் தன்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்றாராம். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.