டர்ன்டேபிளுக்கு அதிர்வு எங்கிருந்து வருகிறது, எப்படி அடக்குவது

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளில் சத்தம் கூட்டினால் பாஸ் உறுமுகிறதா? யாராவது நடந்தால் ஊசி துள்ளுகிறதா? ரப்பர் பாதங்கள் வாங்க ஓடாதீர்கள். அதிர்வு வரும் வழி தெரியாமல் எதை வாங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

ஆம்பின் வால்யூமை முழுதாகக் குறைத்து, மோட்டாரை நிறுத்தி, அசையாத இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குங்கள். வால்யூமை மெல்லக் கூட்டுங்கள். ஊளைச் சத்தம் எழுந்த கணமே குறைத்துவிடுங்கள். தாமதித்தால் வூஃபர் (ஸ்பீக்கரில் பாஸை ஒலிக்கும் பகுதி) கெட்டுவிடும். ஊளையிட்டால் குற்றவாளி ஸ்பீக்கர். இல்லையென்றால் வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மேசையை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். 'டம்ம்' என்று இழுத்தால் மேசை. பக்கத்தில் குதிகாலை ஊன்றும்போது வூஃபர் ஆடினால் தரை.

ஸ்பீக்கர் என்றால் செலவே இல்லை: ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள், பாஸ் குவியும் அறை மூலையைத் தவிருங்கள், கேட்கும்போது டர்ன்டேபிளின் மூடியைக் கழற்றிவிடுங்கள். அந்த அகன்ற பிளாஸ்டிக் மூடி காற்றில் வரும் பாஸை வாங்கி நேரே டெக்குக்குள், அதாவது டர்ன்டேபிளுக்குள், இறக்குகிறது.

மரத்தளம் என்றால் சுவர் அலமாரிதான் சரி. மெல்லிய தடுப்புச் சுவரில் அல்ல, பாரம் தாங்கும் சுவரில். அங்கே ஸ்பிரிங் பாதங்கள் வைத்தால் மரத்தளமும் ஸ்பிரிங்கும் ஒத்த வேகத்தில் ஆடி, துள்ளலைப் பெருக்கிவிடும்.

கான்கிரீட் தளத்தில் ஸ்பிரிங் பாதங்கள் நன்றாக வேலை செய்யும். 50×40 செ.மீ., 2 செ.மீ. கனமுள்ள கிரானைட் பலகை சுமார் 11 கிலோ. அதன் மேல் டெக், அடியில் நான்கு ஸ்பிரிங். பாரத்தில் ஸ்பிரிங் 1 செ.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ், 2.5 செ.மீ. அமுங்கினால் 3 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அமுங்கவே இல்லையென்றால் அது வெறும் கட்டைதான், எத்தனை விலை கொடுத்திருந்தாலும். மோட்டார் இருக்கும் பக்கம் பாரம் கூடும். ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, ஸ்பிரிங்கை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே உள்ளே ஸ்பிரிங் தொங்கலுள்ள டெக்குக்கு இது வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் வூஃபர் ஆடுகிறதா? 33⅓ வேகத்தில் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஆடினால் இசைத்தட்டு வளைந்திருக்கிறது. தாறுமாறாக நடுங்கினால், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜும் அதைப் பிடித்திருக்கும் டோன்ஆர்மும் பொருந்தவில்லையா என்று கணக்குப் போடுங்கள்: ஆர்மின் செயல் எடை, கார்ட்ரிட்ஜ், திருகு மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் (ஊசி எவ்வளவு எளிதாக அசையும் என்பதன் அளவு) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுங்கள். 12 கிராம் ஆர்ம், 7.2 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு, கம்ப்ளையன்ஸ் 20 என்றால் கிட்டத்தட்ட 8 ஹெர்ட்ஸ். 8 முதல் 12 வரை நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவே ஆர்மை ஆட்டும். எடை குறைந்த கார்ட்ரிட்ஜோ கம்ப்ளையன்ஸ் குறைந்ததோ வேண்டும். ஜப்பானிய கார்ட்ரிட்ஜ்களுக்குப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்த கம்ப்ளையன்ஸையே தருவார்கள், அதை 1.5 முதல் 2 வரை பெருக்கிக்கொண்டு பிறகு கணக்கில் போடுங்கள்.

ஃபோனோ ஆம்பில் (டர்ன்டேபிளுக்கான ஆம்ப்) சப்சோனிக் ஃபில்டர், அதாவது காதுக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வை வெட்டும் வடிகட்டி, இருந்தால் கடைசியாகப் போடுங்கள். வூஃபர் ஆட்டம் அடங்கும். ஊசியின் துள்ளல் அப்படியே இருக்கும்.