சங்கத்துக்கு ஊற்றுவதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் காலையில் ஊருக்குள் நடந்து பாருங்கள். பால் கேன் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருக்கும், கேன் போன வீட்டில் பிள்ளைகள் வரக்காப்பி குடித்துக்கொண்டிருக்கும். மதியம் மோர் கேட்டால் இருக்காது, ராத்திரிக்குப் பாக்கெட் தயிர் வாங்க ஆள் போகும். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிறவர்கள் பாலை எப்படிப் பங்கு போட்டால் காசும் வரும், வீட்டிலும் பால் நிற்கும் என்று சொல்லத்தான் இது.

ஒரு கலப்பின மாடு இரண்டு வேளையும் சேர்த்து எட்டு லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பங்கு கன்றுக்கு. ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும், அப்புறம் தினமும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அடுத்தது வீடு. நாலு பேர் இருந்தால் ஒன்றேகால் லிட்டராவது கறந்த கையோடு தனிப் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்சம் இருக்கவே இருக்காது. மீதியில் பக்கத்து வீட்டு வாடிக்கை இரண்டு மூன்று, அதுவும் போகத்தான் சங்கம். வாடிக்கைக்கு விலை கூட என்பதால் எல்லாவற்றையும் அங்கேயே ஊற்ற ஆசை வரும். வேண்டாம். மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள், மாசக் கடைசியில் பாக்கி நிற்கும். சங்கத்தில் அந்த அலைச்சல் இல்லை, மாட்டுக்கடன், தீவனம் என்று கேட்கும்போதும் தொடர்ந்து ஊற்றுகிற ஆள் என்ற பேச்சு உதவும்.

விலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்ததும் ஆவின் லிட்டருக்குப் பசும்பாலுக்கு 38, எருமைப்பாலுக்கு 47 என்று பேப்பரில் வந்தது. அது தரம் நின்ற பாலுக்கு. கொழுப்பும் மற்ற திடச்சத்தும் குறையக் குறையக் கைக்கு வருவதும் குறையும். புதுச்சேரிப் பக்கம் பாண்லே என்கிற கூட்டுறவுப் பால் நிறுவனத்துக்கு ஊற்றுகிறவர்களுக்கும் தரத்துக்குத்தான் காசு. "அக்கா, டிகிரி நிக்கலக்கா" (பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டரில் கணக்கு குறைகிறது என்று அர்த்தம்) என்று சங்கத்தில் சொன்னதும் பாதிப் பேர் சண்டைக்குப் போகிறார்கள், மீதிப் பேர் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டுமே வேலைக்கு ஆகாது.

முதலில் கறவையைப் பாருங்கள். மடியில் முதலில் வருகிற பாலில் கொழுப்பு கம்மி, கடைசியாக ஒட்டக் கறக்கிற பாலில்தான் அதிகம். கறவைக்காரர் அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பாதியில் எழுந்து, கடைசியைக் கன்று குடித்துவிட்டால், நல்ல பால் கன்றுக்கு, தண்ணிப் பால் கேனுக்கு. கன்றைச் சுரப்புக்கு மட்டும் ஊட்டவிட்டுக் கட்டுங்கள், ஒட்டக் கறங்கள், அதன் பங்கை அளந்து கொடுங்கள். கறந்த சூட்டோடு நுரையும் காற்றுமாக இருக்கிற பாலில் லாக்டோமீட்டர் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதனால் வீட்டில் சோதிக்கிறவர்கள் சற்று ஆறவிட்டுப் போடுங்கள். சாம்பிள் எடுக்கும் முன் பாலை நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாடு தண்ணீர் நிறையக் குடித்தால் பால் தண்ணியாகும் என்பது வெறும் பேச்சு. தாராளமாகக் காட்டுங்கள், தண்ணீர் குறைந்தால் பால்தான் குறையும்.

அடுத்து தீவனம். கொழுப்பு நிற்க நார் வேண்டும். வைக்கோல், சோளத்தட்டை, பசும்புல் குறைந்து தவிடும் புண்ணாக்கும் கூடினால் பால் அளவு கூடலாம், டிகிரியும் கூட நிற்கலாம், கொழுப்பு இறங்கும். நம்ம பக்கத்தில் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொடியும் உளுந்தங்கொடியும் இருக்கும்போது வெறும் வைக்கோலைப் போட்டுக் கட்டிவைப்பது பாவம். இரண்டிலும் புரதம் உண்டு, காயவைத்துப் போர் போட்டால் கோடைக்கு வரும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும்போது தோகை சும்மா கிடைக்கும், கொடுக்கலாம், ஆனால் அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அகத்தியோ வேலிமசாலோ கலந்து, தாது உப்பும் தினம் 50 கிராம் அளவுக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

பலா சீசன் பண்ருட்டி மாடுகளுக்கு ஆபத்தான காலம். சக்கையும் அழுகின பழமும் கூடையாக வந்து கொட்டும், மாடும் ஆசையாகத் தின்னும், சர்க்கரை திடீரென்று உள்ளே போய் வயிறு அமிலமாகி அசைபோடுவது நின்று மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று வாளி வாளியாகப் பொங்கல் ஊட்டினாலும் இதேதான் (பாசம்தான், ஆனால் மறுநாள் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்களே). கொஞ்சம் கொஞ்சமாக, வைக்கோலோடு கொடுங்கள். அசை நின்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை ஆம்புலன்சுக்கு, 1962க்கு அடியுங்கள்.

வீட்டுப் பால் நிற்க இன்னொரு வழி, இரண்டு மாடும் ஒரே நேரத்தில் வற்றாமல் பார்ப்பது. சினைக்காலம் 280 நாள் சுமார், ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும், ஈன்றபின் இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் சினை ஊசி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஆறு மாதம் இடைவெளி விழுகிற மாதிரி ஊசியைத் தள்ளிப் போட்டால் எப்போதும் ஒரு மடியில் பால் இருக்கும். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை.

வீட்டுப் பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், கருச்சிதைவு நோயும் காசநோயும் பச்சைப் பாலில் மனுசருக்குத் தொற்றும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் டாக்டர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கும் ஆகாது, சங்கத்துக்கும் ஆகாது. அதைச் சொல்லாமல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், செய்யாதீர்கள்.

கடைசியாக ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வரும் புயல் மழை. 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சலும் நமக்குக் காட்டியது, வண்டி இரண்டு நாள் வராமல் போனால் பால் அத்தனையும் வீட்டிலேயே நிற்கும். உடனே காய்ச்சி உறை ஊற்றி, மறுநாள் கடைந்து வெண்ணெய் எடுத்துவிடுங்கள். உருக்கின நெய் மாசக்கணக்கில் கெடாது, மோர் அக்கம்பக்கத்துக்கும் ஆகும். வைக்கோல் போரைத் தரையில் போடாமல் கல்லோ கட்டையோ அடுக்கி மேலே போட்டுத் தார்ப்பாயை ஐப்பசி பிறக்கும் முன்பே கட்டிவிடுங்கள், பூஞ்சை பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள்.