நாய்க்கடி: ஊசி போட்டும் கோட்டை விடுகிற இடங்கள்

நாய் கடித்த காயம் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். காய்ச்சல் இருக்காது, நெறி கட்டாது. "ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். மற்ற நோய்களில் உடம்பு அமைதியாக இருந்தால் நல்ல செய்தி. ரேபிஸில், அதாவது வெறிநாய்க்கடி நோயில், அந்த அமைதியை நம்பவே கூடாது, ஏனென்றால் வைரஸ் உள்ளே புகுந்த விஷயம் உடம்புக்கே தெரியாமல் இருக்கலாம்.

இந்த வைரஸ் ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றுவதில்லை. எச்சிலோடு தசைக்குள் இறங்கி, அங்கே மெதுவாகப் பெருகுகிறது. செல்களை உடைத்து ரகளை செய்தால் எதிர்ப்பு அமைப்பு உஷாராகிவிடும். இது அப்படிச் செய்வதில்லை. சாதாரணமாக ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளியே வரும். ரேபிஸ் வைரஸிடம் மொத்தமே ஐந்து புரதங்கள்தான். அதில் 'பி' புரதத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று, இந்த எச்சரிக்கையை அமுக்குவது. பிறகு தசையும் நரம்பும் சேரும் இடத்தில் நரம்பு நுனிக்குள் புகுந்துகொள்கிறது. நரம்பு செல் தன் நுனியிலிருந்து மையத்துக்குச் சரக்கு அனுப்ப ஒரு பாதை வைத்திருக்கிறது. அதில் டிக்கெட் எடுக்காத பயணி போல ஏறி, நாளுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை தண்டுவடத்தை நோக்கி நகர்கிறது. நரம்புக்குள் போய்விட்டால், கிருமியைப் பிடிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் அதை எட்டிப் பிடிப்பது மிகவும் கடினம்.

அறிகுறி தெரியப் பொதுவாக 1 முதல் 3 மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வந்ததுண்டு, ஒரு வருடம் தாண்டியும் வந்ததுண்டு. முகம், கழுத்து, விரல் நுனி என்றால் அவகாசம் குறைவு. மூளையை எட்டிய பிறகு வைரஸ் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. அடுத்த கடிக்கு எச்சில் தயார். தாகம் எடுக்கும், ஆனால் தண்ணீரைக் கண்டாலே தொண்டைத் தசை இழுத்துப் பிடிக்கும். மின்விசிறிக் காற்று பட்டால்கூட அப்படி ஆகலாம். சிலருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் கைகால் செயலிழந்தே போகும்.

எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். அறிகுறி வந்து பல நாள் ஆகியும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படாத நோயாளிகள் உண்டு. அப்படியே உருவானாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி அது உள்ளே போவது கஷ்டம். எலிகளில் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: சண்டை போட வந்து சேரும் டி செல்களையே, வைரஸ் பிடித்த நரம்பு செல்கள் சாகடிக்கின்றன. அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்களை உலக அளவிலேயே விரல் விட்டு எண்ணலாம் என்பதற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணம். "ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு ஊசி போடலாமே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். கடித்த நாளுக்கும் அறிகுறிக்கும் நடுவே ரேபிஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

ஆக, வைரஸ் காயத்தைச் சுற்றித் தசையில் இருக்கும் வரைதான் நமக்கு வாய்ப்பு. நம் ஊரில் செய்யும் தவறுகள் எல்லாமே இந்த அவகாசத்தைத்தான் வீணடிக்கின்றன.

முதலில் காயம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை அப்புவது இன்னமும் நடக்கிறது. எரிச்சலூட்டும் பொருள் திசுவைப் புண்ணாக்கும். நன்மை எதுவும் இல்லை. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்புக்கு அது தாங்காது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துடைப்பது இதில் சேராது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம். கட்டுப் போடவோ தையல் போடவோ அவசரப்படக் கூடாது.

"டிடி ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்குப் போவது அடுத்தது. அது டெட்டனஸுக்கு. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2005 வாக்கிலேயே கைவிட்டுவிட்டது.

இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள்தான் போடுகிறார்கள், இரண்டு மேற்கையிலும் 0.1 மில்லி வீதம். சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பும். "கொஞ்சூண்டு மருந்துதான் போட்டாங்க" என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். தோலில் கிருமியை அடையாளம் காட்டும் செல்கள் அதிகம். அதனால் அந்த அளவே போதும். நாள் 0, 3, 7, 28. இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. தசையில் போடுவதானால் மேற்கை, சின்னக் குழந்தைக்குத் தொடை. இடுப்புக்குக் கீழே பின்புறம் கூடாது, அங்கே கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்யாது. ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கு அடுத்த விஷயம். தடுப்பூசி போட்டு உடம்பு போதிய எதிர்ப்பொருளை உருவாக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் வைரஸ் சும்மா இருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் எதிர்ப்பொருள். எடைக்கு ஏற்ற அளவில், காயத்துக்குள்ளும் சுற்றிலும் இறக்க வேண்டும். விரல் நுனியில் போடும்போது நன்றாகவே வலிக்கும். அதற்காகத் தட்டிக் கழிக்கக் கூடாது. தோலைக் கிழித்த கடி, ரத்தம் வந்த கீறல், வாயிலோ காயத்திலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. அந்த ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வாங்கிப் போய்விடுங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் இதைப் போடலாம். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும், அவசியமில்லை. இந்த 7 நாளைக் கடித்த நாளிலிருந்து எண்ணிவிட்டு "லேட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவது பெரிய தப்பு. கடித்து ஒரு மாதம் ஆகியும் எந்த ஊசியும் போடவில்லை என்றாலும், இன்றே போய் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம்.

"நாயைப் பத்து நாள் பாரு, செத்தா ஊசி போடு" என்பது பாதி உண்மை. பத்து நாள் கவனிப்பது சரிதான், ஆனால் ஊசியை அன்றே தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். நாய் பத்து நாளும் ஆரோக்கியமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே, பூனைதானே என்ற சமாதானங்கள் எதுவும் எடுபடாது. குழந்தைகள் திட்டு விழும் என்று பயந்து நகக் கீறலை மறைத்துவிடுவதும் சகஜம், கேட்டுப் பார்க்க வேண்டும்.

முழுத் தவணையும் போட்டவரைப் பிறகு எப்போதாவது நாய் கடித்தால், எதிர்ப்பு அமைப்பின் நினைவாற்றல் கைகொடுக்கும். அவருக்கு நாள் 0, நாள் 3 என இரண்டு தவணை போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் முன்பு போட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் டாக்டர் அப்படி முடிவெடுக்க முடியும், ஆகவே அந்த ஊசிச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.