வாசகசாலையில் ஃபெலா கூட்டியை அறிமுகப்படுத்துவது எப்படி?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலைகளில் நைஜீரியப் பாடலாசிரியரும் இசைத் தயாரிப்பாளருமான ஃபெலா கூட்டியைப் பற்றிப் பேச விரும்புவோர், முதலில் பெயரை நெடிலோடு உச்சரிக்கப் பழக வேண்டும்; 'குட்டி' என்றால் பாலக்காட்டு எல்லையில் எல்லாரும் அவரை மலையாளி என்றே நினைத்துவிடுவார்கள்.

அவர் 1938-இல் அபெயோகூட்டாவில் பிறந்ததையும், 1958-இல் லண்டனுக்குப் படிக்கச் சென்றதையும் இரண்டே வரிகளில் முடித்துக்கொள்ளுங்கள். நேரத்தை இசைக்கு ஒதுக்குங்கள். நீண்ட பாட்டு ஒன்றை முழுமையாக ஒலிக்கவிட்டு, அவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனின் தாளத்தோடு கிட்டாரும் சாக்ஸபோனும் பின்னிக்கொள்வதையும், பல நிமிடங்கள் கழித்தே குரல் எழுவதையும் மேசையில் விரலால் தாளமிட்டுக் காட்டுங்கள். கேரளக் கோயில் செண்டை மேளமான பஞ்சாரி மேளத்தின் 96 அட்சர (தாள எண்ணிக்கை) முதல் காலத்தைப் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல.

அடுத்து, படைவீரர்களின் கண்மூடித்தனமான கீழ்ப்படிதலைக் கேலி செய்த 'ஜோம்பி' என்ற அவர் பாட்டு 1976-இல் வெளிவந்ததையும், 1977-இல் படையினர் லாகோஸில் அவர் குடியிருப்பைத் தாக்கி எரித்ததையும், அப்போது ஜன்னல் வழியே வீசப்பட்ட தாயார் ஃபுன்மிலாயோ மறு ஆண்டு இறந்ததையும் நிதானமாகச் சொல்லுங்கள். அந்த அம்மையார் பெண்ணுரிமைப் போராளி. உண்மையில் அவருக்கே தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம். ஒருமுறை பதிவு செய்த பாட்டை ஃபெலா மேடையில் மீண்டும் பாடுவதைத் தவிர்த்தார் என்பதைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.