கல்லூரி ஆராதனைக் குழுவில் சேரப் போகிறீர்களா? முதல் ஆராதனை வரை படிப்படியாக

ஜூனில் கல்லூரி திறந்ததும் முதலாண்டுப் பிள்ளைகள் யாராவது வந்து கேட்பார்கள்: "அண்ணே, எனக்குப் பாட்டு முறையாத் தெரியாது. ஆராதனைக் குழுவுல சேர்த்துக்குவாங்களா?" தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் மறைக்கல்வி வகுப்பிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ பாடிப் பழகியவர்கள்தான். மேடையில் நின்று பாடுவதற்கும் ஆராதனைக் குழுவில் பாடுவதற்கும் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டால் போதும்.

வித்தியாசம் இதுதான். ஆராதனையில் பாட வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைப் பாட வைப்பதற்குத்தான் குழு. நீங்கள் எவ்வளவு அழகாகப் பாடினாலும் அவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். கீழே சொல்லும் எல்லாப் படியும் இதை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

முதல் படி: சேருவதற்கு முன்பு உட்கார்ந்து கேளுங்கள்

இரண்டு மூன்று ஆராதனைகளுக்குக் கடைசி வரிசையில் உட்காருங்கள். எந்தப் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள், எந்த இடத்தில் சத்தம் குறைந்து குழு மட்டும் தனியாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கல்லூரிக் குழுவில் பல சபைப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிவகங்கை மறைமாவட்டத்துப் பங்குகளிலிருந்து வருவார்கள். திருப்பலியின் பாடல் வரிசை அவர்களுக்கு மனப்பாடம். மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் கைவந்தவை. பெந்தெகொஸ்தே பிள்ளைகள் கைத்தாளத்தோடு தொடர்ந்து பாடுவதில் தேர்ந்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. சேர்ந்த முதல் மாதம் கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

தபலாவோ கீபோர்டோ வாசிக்கும் இந்து, முஸ்லிம் நண்பர்களும் குழுவில் இருக்கலாம். அவர்களிடம் பாட்டின் பொருளைச் சொல்லிவிடுங்கள். பொருள் தெரிந்து வாசிக்கும்போது எங்கே மெதுவாக வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கே புரியும். பாடச் சொல்லியோ ஜெபிக்கச் சொல்லியோ கட்டாயப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் குரலுக்கு எந்தக் கட்டை?

போனில் சுருதிப்பெட்டி செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ-வை எந்தச் சுருதியில் வைக்கிறோம் என்பதைத்தான் கட்டை என்று சொல்வார்கள். கணக்கு எளிதுதான். 1 கட்டை என்றால் கீபோர்டில் சி. 2 என்றால் டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு அரை சேர்த்துச் சொல்வார்கள்: 1½, 2½, 4½, 5½, 6½.

பையன்கள் 1 கட்டையில் தொடங்கி ஸ-ரி-க-ம-ப பாடிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 1 முதல் 2 வரை ஒத்துவரும். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 4½ முதல் 6 வரை. மேல் ஸ பாடும்போது கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். கீழ் ப காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள்.

இது உங்கள் தனிக் குரலுக்கான கணக்கு. ஆராதனையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, பாட்டே பழகாதவர்களும் கூடப் பாட வேண்டும். அங்கே கணக்கு வேறு.

மூன்றாம் படி: பாட்டுக்குச் சுருதி வைப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பாட்டை யூட்யூபில் கேட்பார்கள், பிடித்துவிடும், அதே சுருதியில் ஒத்திகை பார்ப்பார்கள். அந்தப் பதிவில் பாடியவர் பயிற்சி பெற்ற பாடகர். அவருடைய குரலுக்கு வைத்த சுருதி அது. எதிரே உட்கார்ந்து பாடும் சபைக்கு அது எட்டாது.

சுருதி வைப்பதற்கு முன்பு பாட்டு எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். மிகவும் தாழ்ந்த ஸ்வரம் எது, மிகவும் உயர்ந்த ஸ்வரம் எது? இந்த இரண்டையும் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. சாதாரணமாகப் பாடுகிறவர்கள் கூடும் இடத்தில் கீழே சி, மேலே அடுத்த சி, மிஞ்சிப்போனால் டி. இந்த எல்லைக்குள் பாட்டை உட்கார வைக்க வேண்டும். பையன்கள் இதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், அவர்களுக்கும் வசதிதான்.

சில பாட்டு ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை போகும். அதை 5 கட்டையில் வைத்தால் மேல் ஸ ஜி-யில் விழும். சரணத்தில் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். அதையே 1 அல்லது 2 கட்டைக்கு இறக்கினால் மேல் ஸ சி-யிலோ டி-யிலோ நின்றுவிடும், எல்லோருக்கும் எட்டும்.

வேறு சில பாட்டு கீழ் ப-வில் தொடங்கி நடு ப வரைதான் போகும். அதை 1 கட்டையில் வைத்தால் பெண்பிள்ளைகளின் குரல் கீழே அமுங்கிப் போகும். 4 கட்டைக்கு ஏற்றுங்கள்: கீழ் ப சி-யில், நடு ப மேல் சி-யில். 5 கட்டை என்றால் டி முதல் டி வரை. ஆக, ஒரு பாட்டுக்கு எட்டாத அதே 5 கட்டை இன்னொரு பாட்டுக்குக் கச்சிதமாக இருக்கும். "எங்க குழு எப்பவும் இந்தக் கட்டைதான்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பாருங்கள்.

முடிவு செய்ததும் வாத்தியக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, சிக்கல் இல்லை. கிதாரில் கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கிளிப்): 4 கட்டைப் பாட்டுக்கு மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி டி கார்டு வடிவத்தில் வாசிக்கலாம், ஐந்தாவதில் மாட்டி சி வடிவத்திலும் வாசிக்கலாம். தபலாக்காரருக்குத்தான் முன்கூட்டியே தெரிய வேண்டும். தபலாவை நினைத்த சுருதிக்கெல்லாம் ஏற்றி இறக்க முடியாது. குழுவிடம் 1½ கட்டை தபலா ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொரு பாட்டை 4½ கட்டையில் வையுங்கள். 1½ அதற்குப் பஞ்சமம் (ப), தபலா அப்படியே ஒத்துவரும்.

நான்காம் படி: பாட்டு வரிசை

கல்லூரியில் அரை மணி நேர ஜெபக் கூடுகை என்றால் மூன்று பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, ஒன்று அமைதியானது, முடிவில் மறுபடியும் தெரிந்த ஒன்று. புதுப்பாட்டு ஒரு கூடுகைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. அதையும் தொடங்குவதற்கு முன்பு பல்லவியை ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள்.

திருப்பலி என்றால் வரிசை ஏற்கெனவே இருக்கிறது: வருகைப்பாடல், 'ஆண்டவரே இரக்கமாயிரும்', வானவர் கீதம், பதிலுரைப்பாடல், அல்லேலூயா, காணிக்கைப்பாடல், தூயவர், 'உலகின் பாவங்களைப் போக்கும்', திருவிருந்துப்பாடல், நன்றிப்பாடல். தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. சாதாரண நாட்களில் வானவர் கீதமும் கிடையாது. தவக்காலத்தில் வாத்தியங்களும் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான் வாசிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அந்த நாட்களில் பாட்டுக்கு முன்னும் பின்னும் தனி இசை வாசிக்காதீர்கள். எந்தப் பாட்டு என்று ஃபாதரிடம் இரண்டு நாள் முன்பே காட்டிவிடுங்கள்.

கீர்த்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளம் குழுக்கள் பல அவற்றைப் பழசு என்று ஒதுக்கிவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அவர் எழுதிய கீர்த்தனைகளை இன்றைக்கும் சபைகளில் பாடுகிறார்கள். சபை சேர்ந்து பாடுவதற்குக் கீர்த்தனையின் அமைப்பே உதவி செய்கிறது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவோம் அல்லவா? சரணத்தைக் குழு பாடட்டும், பல்லவியைச் சபைக்கு விட்டுவிடுங்கள். பாட்டே தெரியாதவர்கூட இரண்டாம் சரணம் முடிவதற்குள் பல்லவியைப் பிடித்துவிடுவார். ராகத்தில் அமைந்த கீர்த்தனைக்குக் கீபோர்டில் வரிக்கு வரி கார்டு மாற்ற வேண்டாம். ஸ-வும் ப-வும் பிடித்து நிறுத்தி, மெட்டை மட்டும் கூடவே வாசித்தால் நன்றாக நிற்கும்.

ஐந்தாம் படி: ஒத்திகை

நேரம் குறிப்பதுதான் முதல் வேலை. தீவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ராமேசுவரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 முதல் படகு இறங்கினால் சில நாள் வர முடியாது. மாலையில் நீட்டி முழக்குவதைவிட மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்பது நிமிடம் நல்லது. வராதவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஒத்திகையைப் போனில் பதிவு செய்து குழுவில் அனுப்பிவிடுங்கள்.

வாத்தியத்தை எடுக்காமல் தொடங்குங்கள். முதலில் வரிகளை எல்லோரும் சத்தமாக வாசிக்க வேண்டும். ல, ள, ழ இங்கேயே சரியாகிவிட வேண்டும். மைக்கில் 'அருள்' 'அருல்' ஆகிவிட்டால் கடைசி வரிசை வரை கேட்கும். அப்புறம் மூச்சு எங்கே எடுப்பது என்று பென்சிலால் கோடு போடுங்கள். 'ஆண்டவரே' என்று பாடி மூச்சு எடுத்து 'இரக்கமாயிரும்' என்று தொடரலாம். 'இரக்க' என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் சபையும் அங்கே நின்றுவிடும். இதைப் புதிதாகச் சேர்ந்த தங்கச்சியிடம் மென்மையாகச் சொல்லுங்கள்: "அந்த வார்த்தையை முழுசாப் பாடிட்டு மூச்சு எடும்மா, அவசரமே இல்ல."

அடுத்து கைத்தாளம் மட்டும் போட்டுப் பாடுங்கள். தாளம் வேகம் மாறாமல் நிலைத்ததும் ஒரு வாத்தியம் சேருங்கள். பிறகு இன்னொன்று. கீபோர்டின் தானியங்கித் தாளமும் தபலாவும் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டும் நூலிழை விலகினாலே பாடுகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவதில் தொடங்குங்கள். ஆல்டோ, டெனர் என்று தனித்தனிக் குரல் வரிகளாகப் பிரிப்பது மெட்டு தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பதிந்த பிறகு. பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் சத்தமாகப் பாடுகிறீர்கள். குறையுங்கள்.

ஆறாம் படி: கடற்காற்றும் வாத்தியமும்

இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை, ஆனால் நம் ஊரில் தவிர்க்கவும் முடியாது. உப்புக்காற்றில் கிதார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடைத்துப் பையில் வையுங்கள். ஹார்மோனியத்தின் பித்தளை ரீடுகளில் பச்சைக் களிம்பு ஏறினால் சத்தம் பிசகும், துருத்தியை மூடிப் பெட்டிக்குள் வையுங்கள். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கூடினால் தபலாத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஆகவே ஆராதனைக்கு முன்பு மறுபடியும் சுருதி சேர்க்க நேரம் ஒதுக்குங்கள். டிசம்பரில் கேரல் ரவுண்டு போகும்போது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பாலித்தீன் உறை கூடவே போக வேண்டும்.

ஏழாம் படி: மைக்

சத்தக் கருவிகளைப் போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடித்து, அதற்கே கெடுதல் வரும்.

ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். மைக் கூவினால் மைக்கின் தலையைக் கையால் மூடாதீர்கள், மூடினால் கூவல் கூடும். ஸ்பீக்கரை விட்டு விலகி நின்று சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்கும் மைக்குக்கும் வாய்க்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும்.

ஆறு பேர் பாடுகிறார்கள் என்று ஆறு மைக் வைக்காதீர்கள். மெட்டைப் பிடித்துப் பாடும் ஒருவருக்கு ஒன்று, மற்றவர்களுக்குச் சேர்த்து இரண்டு. கீபோர்டின் சத்தம் குரலுக்குக் கீழே இருக்கட்டும்.

எட்டாம் படி: அன்றைக்கு

அரை மணி நேரம் முன்பே வந்து, வயரெல்லாம் சுவர் ஓரமாகப் போட்டு, சுருதி சேர்த்து முடித்துவிடுங்கள். ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு 'செக், செக்' என்று மைக்கில் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்தவர் ஜெபித்துக்கொண்டிருப்பார். குழுவாகச் சேர்ந்து ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு நில்லுங்கள்.

பாடும்போது நோட்டிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள். பல்லவி வரும் இடத்தில் தலையை நிமிர்த்தி எதிரே பாருங்கள். அவர்கள் பாடத் தொடங்கிவிட்டார்களா? மைக்கை ஒரு சாண் விலக்கிக்கொள்ளுங்கள். நல்ல பலமாகப் பாடுகிறார்களா? கடைசிப் பல்லவிக்கு வாத்தியங்களை நிறுத்தி, கைத்தாளத்தில் மட்டும் விட்டுப் பாருங்கள். பாடவில்லை என்றால் பதற்றப்பட்டு வேகத்தைக் கூட்டாமல் பல்லவியை இன்னொரு தடவை நிதானமாகப் பாடுங்கள். வரி மறந்துபோனால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது.

முடிந்ததும் வயர் சுற்றி, கம்பி துடைத்து, பெட்டி மூடிவிட்டு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தக் கட்டை வைத்தோம், எந்த வரியில் சபையின் சத்தம் குறைந்தது என்று எழுதுங்கள். வெளியே போகிறவர்களில் இரண்டு பேரிடம் கேளுங்கள், விடுதியில் சமைக்கும் அக்காவிடம் கட்டாயம் கேளுங்கள்: "அக்கா, இன்னைக்குப் பாட முடிஞ்சதா, இல்ல ரொம்ப மேல போச்சா?" மேலே போனது என்றால் அந்தப் பாட்டின் பக்கத்தில் அரைக் கட்டை குறைத்து எழுதிவிட்டு, அடுத்த ஒத்திகையை அதிலிருந்தே தொடங்குங்கள்.